எச்டிஎம்எல் உதவிப் பக்கத்தை டெர்மினலுக்கு மாற்றினால் தமிழ் அட்டவணைக் கோடு கோணிக்கொள்கிறது

குடமுருட்டி (ஞாயிறு, காலை 7.50)

எல்லோருக்கும் வணக்கம். திருவையாற்றுப் பக்கம் ஒரு உழவர் குழுவின் நெல் கிடங்கில் இருப்புக் கணக்கு வைக்கும் சின்ன நிரல் ஒன்றை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கிடங்கில் இருப்பது ராஸ்பெர்ரி பை என்ற திரையில்லாத ஒரு குட்டிக் கணினி. பழைய லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைந்து மூட்டைக் கணக்கை ஏற்றுவார்கள். அந்த லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்துவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம், அவ்வளவு வேகம். அதனால் வேலை முழுவதும் டெர்மினலின் கறுப்பு ஜன்னலுக்குள்தான்.

நிரலுக்கான உதவிக் குறிப்பு 38 பக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் தமிழில், எச்டிஎம்எல்லாக எழுதி வைத்திருக்கிறார். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் என்ன செய்வது, சாக்கு எடையை எப்படிக் கழிப்பது என்று ஒன்றையும் விடவில்லை. அதை வெறும் உரையாக மாற்றி, கேள்விக்குறியை அழுத்தினால் லெஸ்ஸில் (டெர்மினலில் உரையைப் பக்கம் பக்கமாகக் காட்டும் நிரல்) திறக்கும்படி செய்ய நினைத்தேன். பைதானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். குறிச்சொற்களை உரிக்கும், பத்தியை 72 இடத்தில் மடக்கும், பட்டியலை உள்தள்ளும், அட்டவணைக்கு நடுவே நெட்டுக்கோடு போடும். ஒரு ஆங்கிலப் பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன், அச்சில் வார்த்த மாதிரி வந்தது.

தமிழ் அட்டவணையில்தான் சிக்கல். அட்டவணையின் முதல் பத்தியில் (நெடுக்கு வரிசையில்) தமிழ்ச் சொல், அதன் பிறகு கோடு. குறுவை, தாளடி வரிகளில் கோடு ஒரே நேரில் நிற்கிறது. சம்பா வரியில் ஒரு இடம் இடப்பக்கம் வந்துவிடுகிறது. வேறொரு அட்டவணையில் ‘தண்ணீர்’ என்று ஒரு வரி, அங்கே மூன்று இடம். மழைக்குச் சாய்ந்த நெற்கதிர் மாதிரி இருக்கிறது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன், அதே கோணல். என்ன காரணமாக இருக்கும்?


கொள்ளிடக்கரை (ஞாயிறு, காலை 8.15)

38 பக்கத்தையும் அச்சடித்து ஸ்பைரல் போட்டு மேசையில் வைத்துவிடுங்கள். நெல் தூசி படிந்தாலும் படிக்கலாம், கரண்ட் போனாலும் படிக்கலாம்.


குடமுருட்டி (ஞாயிறு, காலை 8.22)

அச்சடித்த பிரதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. இப்போது அதன் முதல் ஒன்பது பக்கம் மட்டும் இருக்கிறது. மீதியில் யாரோ வடை கட்டிவிட்டார்கள். தவிர, மாதத்துக்கு ஒரு முறை குறிப்பு மாறுகிறது, ஒவ்வொரு முறையும் அச்சடிக்க முடியாது.


அரசலாறு (ஞாயிறு, காலை 10.05)

தம்பி, சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன்னால் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்தீர்களா? எச்டிஎம்எல்லை உரையாக்குவது பழைய வேலை. 1992இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த லிங்க்ஸ் உரை உலாவிக்கு ‘டம்ப்’ என்று ஒரு சுவிட்ச் உண்டு. பக்கத்தைக் காட்டாமல் உரையாகக் கொட்டிவிடும். இணைப்புகளுக்கு எண் போட்டுக் கடைசியில் பட்டியலாகத் தரும், அது வேண்டாம் என்றால் நிறுத்தவும் வழி இருக்கிறது. (நான் சொல்வது பூனை லிங்க்ஸ். சங்கிலி லிங்க்ஸ் என்று இன்னொரு உலாவியும் இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகி உயிரை வாங்குகின்றன.)

ஆனால் அட்டவணை என்று வந்தால் பூனை லிங்க்ஸ் சோம்பேறி. டபிள்யூ3எம் என்ற இன்னொரு உரை உலாவியைப் பாருங்கள், அதற்கும் டம்ப் உண்டு, கட்டங்களை ஒழுங்காக வரையும். மூலத்தை மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு வடிவத்துக்கு மாற்ற முடியும் என்றால், கோப்பு வடிவம் மாற்றும் பான்டாக் இன்னும் நல்லது. 2006இலிருந்து வளர்ந்து வருகிறது. ஒரே மூலத்திலிருந்து எச்டிஎம்எல், மேன் பக்கம் (யூனிக்ஸ் கையேட்டுப் பக்கம்), வெறும் உரை மூன்றையும் எடுக்கலாம். எத்தனை இடத்தில் மடக்குவது என்பதையும் சொல்லிவிடலாம்.

எதை எடுத்தாலும் வரி மடக்கும் ‘ஃபோல்ட்’ கட்டளையைத் தமிழுக்குத் தொடாதீர்கள். என் மெஷினில் இருப்பது பைட்டைத்தான் எண்ணுகிறது. எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் (‘கு’ என்பது க, உகரம் என்று இரண்டு குறி). 72 என்று சொன்னால் 24 குறியிலேயே வெட்டிவிடும். நம் பருவப் பெயர்களையே பாருங்கள், குறுவை 18 பைட், தாளடி 15, சம்பா 15. 70, 80 என்று கொடுத்தால் இன்னும் மோசம், மூன்றால் வகுபடாததால் எழுத்தின் நடு வயிற்றில் வெட்டி, வரி முனையில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியை நட்டுவிட்டுப் போகும்.


புது_ஆறு (ஞாயிறு, காலை 11.30)

குறுவைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று பார்க்க வந்தேன். இங்கே குறுவையின் பைட்டை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.


குடமுருட்டி (ஞாயிறு, மாலை 4.40)

அண்ணே, டபிள்யூ3எம் போட்டுப் பார்த்தேன். பட்டியல், உள்தள்ளல் எல்லாம் என் ஸ்கிரிப்ட்டைவிட அழகு. அட்டவணையின் வலது ஓரம் மட்டும் பல் விழுந்த சீப்பு மாதிரி இருக்கிறது. கோணல் வேறு இடங்களில் வருகிறது, ஆனால் வருகிறது. பான்டாக்கும் என்னைக் கைவிட்டுவிட்டது.


பாமணி (ஞாயிறு, இரவு 8.10)

தம்பி, உங்கள் முதல் பதிவிலேயே விடை இருக்கிறது. சம்பாவில் ஒரு இடம், தண்ணீரில் மூன்று இடம் என்றீர்களே. சம்பாவில் எத்தனை புள்ளி வைத்த எழுத்து? ஒன்று. தண்ணீரில்? ண், ர் இரண்டு. மூன்றாவது எது? ணீ.

விஷயம் இதுதான். பைதான் ஒரு சொல்லின் நீளத்தைக் கேட்டால் யூனிகோட் குறிகளை எண்ணிச் சொல்லும். டெர்மினல் கட்டங்களை எண்ணும். யூனிகோட் பட்டியலில் மெய்யின் புள்ளியும் ஈகாரக் குறியும் ‘தனக்கென்று இடம் பிடிக்காத குறி’ என்ற வகையில் இருக்கின்றன. கால், கொம்பு, சங்கிலிக் கொம்பு, இகரம், உகரம் எல்லாம் ‘இடம் பிடிக்கும் குறி’. மார்கஸ் கூன் எழுதிய அகலக் கணக்கு நிரலைப் பின்பற்றும் நிரல்கள் புள்ளிக்கும் ஈகாரத்துக்கும் சுழியம், மற்றதற்கு ஒன்று என்று போடுகின்றன. உங்கள் லேப்டாப்பின் டெர்மினலும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

அதன்படி ‘தி’ இரண்டு கட்டம், ‘தீ’ ஒரு கட்டம். சிரிக்காதீர்கள், உண்மை.

பருவங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சொல்லும் நமக்கு மூன்று எழுத்து: கு-று-வை, தா-ள-டி, ச-ம்-பா. பைதானுக்கு 6, 5, 5. உங்கள் டெர்மினலுக்கு 6, 5, 4. ஸ்கிரிப்ட் பத்து இடம் வரை வெற்றிடம் நிரப்புகிறது என்றால் குறுவைக்கு நான்கு, தாளடிக்கு ஐந்து, சம்பாவுக்கும் ஐந்து. முதல் இரண்டில் கோடு பத்தில் விழும், சம்பாவில் ஒன்பதில். தண்ணீர் பைதானுக்கு 7, டெர்மினலுக்கு 4. அதுதான் அந்த மூன்று.

ஸ்கிரிப்ட்டில் நீளம் கேட்கும் இடத்தில் எல்லாம் இந்த அகலக் கணக்கைக் கேளுங்கள். பைதானுக்குத் தயாராக நூலகம் இருக்கிறது. எந்தப் பதிப்பு என்று பார்த்துப் போடுங்கள், புதியதில் தமிழுக்கான கணக்கை மாற்றியிருக்கிறார்கள்.


அரசலாறு (ஞாயிறு, இரவு 9.00)

பாமணி சொன்னதைப் படித்ததும் கும்பகோணத்தில் தட்டச்சு படித்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் புள்ளிச் சாவியை அழுத்தினால் கேரியேஜ் நகராது. புள்ளி மட்டும் தாளில் விழும், அப்புறம் க-வை அடித்தால் அதன் தலையில் புள்ளி உட்கார்ந்திருக்கும். ‘செத்த சாவி’ என்பார்கள். அன்றைக்கே அகலம் சுழியம்தான்!

டெர்மினலில் தடிமன் எழுத்து வந்த கதையும் தட்டச்சுக் கதைதான். பழைய யூனிக்ஸ் மேன் பக்கத்தில் ஒரு எழுத்து, பின்னால் ஒரு பேக்ஸ்பேஸ், மறுபடி அதே எழுத்து. காகிதத்தில் இரண்டு முறை அடித்தால் கறுப்பு ஏறும் அல்லவா, அந்தக் கணக்கு. அடிக்கோட்டுக்கு ஒரு கீழ்க்கோடு, பேக்ஸ்பேஸ், எழுத்து. இன்றைக்கும் லெஸ் இதைப் பார்த்தால் தடிமனாகக் காட்டுகிறது. 1964இல் ஜெரோம் சால்ட்சர் எம்ஐடியில் எழுதிய ரன்ஆஃப் என்ற உரை வடிவமைக்கும் நிரல், அதன் வழியில் ராஃப், என்ராஃப், 1990இல் ஜிராஃப் என்று ஒரே கால்வாய்தான் கிளை பிரிந்து வந்திருக்கிறது. முதல் யூனிக்ஸ் கையேட்டில் போட்டிருக்கும் தேதி 1971 நவம்பர் 3.

தமிழுக்கு இந்த இரட்டை அடி ஒத்துவராது. ‘சி’ என்பது இரண்டு குறி. எதை அடித்து எதன் மேல் பின்வாங்குவது? ச-வை இரண்டு முறை அடித்து இகரத்தை ஒரு முறை அடித்தால் எழுத்து பிரிந்து நிற்கிறது. தடிமன் வேண்டுமென்றால் சொல்லுக்கு முன்னும் பின்னும் நிறக் குறியீட்டைப் போடுங்கள், லெஸ்ஸைப் பெரிய ஆர் சுவிட்சோடு கூப்பிடுங்கள்.


குடமுருட்டி (ஞாயிறு, இரவு 10.35)

பாமணி அக்கா, கோடு நேராகிவிட்டது! நூல் பிடித்து நடவு நட்ட மாதிரி நிற்கிறது. ரொம்ப நன்றி. ஸ்கிரிப்ட்டையும் அட்டவணைக் கோப்பையும் இங்கே இணைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.


புது_ஆறு (திங்கள், காலை 6.45)

எடுத்துக்கொண்டேன். என் டெர்மினலில் கோடு நேராக இல்லை. இப்போது குறுவை வரி உள்ளே போயிருக்கிறது, தாளடி அதைவிடக் கொஞ்சம் வெளியே, சம்பா எல்லாவற்றுக்கும் வெளியே. மூன்று படிக்கட்டு. நேற்றைய கோப்பே தேவலை.


பாமணி (திங்கள், காலை 9.20)

ம். உங்கள் டெர்மினல் ‘கு’வை ஒரே எழுத்தாக எடுத்து ஒரே கட்டத்தில் வைக்கிறது. அதற்கு மூன்று பருவமும் 3, 3, 3. ஆனால் கோப்பில் 6, 5, 4 என்று கணக்கிட்டு வெற்றிடம் போட்டாகிவிட்டது. கோடு 7, 8, 9இல் விழும். அதுதான் படிக்கட்டு.

எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். எழுத்தை எண்ணிப் பழகியவர்களுக்கு உங்கள் டெர்மினல்தான் சரி. ஆனால் ‘ணை’யை ஒரே கட்டத்தில் அடைத்தால் அது மூச்சுத் திணறி, பக்கத்து எழுத்தின் மேல் சாய்கிறது. மற்றதில் இடம் தாராளம், ஆனால் தி-க்குப் பின்னால் ஒரு பொந்து. இன்னும் பழைய வகை டெர்மினலில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து, புள்ளி வட்டத்தோடு நிற்கும். அதில் ‘கொள்முதல்’ என்ற சொல்லைப் பார்த்தால் நமக்கே படிக்கத் தெரியாது.


கொள்ளிடக்கரை (திங்கள், காலை 9.41)

ஸ்பைரல்.


அரசலாறு (திங்கள், காலை 11.15)

வெற்றிடத்தை நாம் எண்ணிப் போடுவதால்தானே தகராறு? எண்ண வேண்டாம். டேப் போடுங்கள். தட்டச்சுப் பொறியிலும் பத்தி பிரிக்க டேப்தான். அடுத்த நிறுத்தம் எங்கே என்பதை டெர்மினல் தன் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளும். அது 6 என்று எண்ணினால் என்ன, 3 என்று எண்ணினால் என்ன, போய் நிற்கும் இடம் ஒன்றுதான்.


குடமுருட்டி (திங்கள், பிற்பகல் 2.30)

அண்ணே, அருமை! ‘கேட்’ கட்டளையில் கொட்டிப் பார்த்தால் இரண்டு டெர்மினலிலும் நேராக நிற்கிறது. லெஸ்ஸில் திறந்தால் ஒன்றில் மறுபடி கோணுகிறது. ஒரே கோப்பு, ஒரே ஜன்னல். எனக்குத் தலை சுற்றுகிறது.


பாமணி (திங்கள், பிற்பகல் 3.05)

லெஸ் டேப்பை அப்படியே டெர்மினலுக்கு அனுப்பாது. தானே வெற்றிடமாக விரித்துத்தான் தரும். எத்தனை வெற்றிடம் என்பதை அதனிடம் இருக்கும் அகல அட்டவணையைப் பார்த்து முடிவுசெய்யும். அந்த அட்டவணையும் டெர்மினலின் அட்டவணையும் ஒத்துப்போனால் நேர், இல்லாவிட்டால் கோணல். ‘கர்சரை இருபதாம் கட்டத்துக்கு நகர்த்து’ என்று குறியீடு அனுப்பலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரிய ஆர் சுவிட்சில் லெஸ் நிறக் குறியீட்டை மட்டும்தான் உள்ளே விடும். சின்ன ஆர் போட்டால் எல்லாவற்றையும் விடும், ஆனால் மேலே கீழே நகர்த்தும்போது திரை குழம்பிவிடும். 38 பக்கத்தை நகர்த்தாமல் யார் படிப்பார்கள்?

நடுவில் இருக்கும் ஒவ்வொரு நிரலும் தனித்தனிப் படியை வைத்து அளந்தால் மரக்கால் கணக்கு எப்படிப் பொருந்தும்?


கடைமடை (திங்கள், இரவு 7.30)

தலைஞாயிறு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லோரும் அளவை எப்படிச் சரியாக்குவது என்றே பேசுகிறீர்கள். அளக்கவே வேண்டாத மாதிரி செய்ய முடியாதா?

கோணல் எங்கே தெரிகிறது? தமிழ்ச் சொல்லில் தெரியவில்லை. அதற்குப் பின்னால் வரும் கோட்டில்தான் தெரிகிறது. தலைமடையில் ஒருவர் ஒரு அங்குலம் கூடுதலாகத் தண்ணீர் எடுத்தால் அங்கே யாருக்கும் தெரியாது, எங்கள் ஊரில்தான் வாய்க்கால் காயும். அதே கதை. முதல் பத்தியில் தமிழை வைத்தால் அதன் தப்பு முழுவதும் பின்னால் வருகிறவன் தலையில் விழும்.

தமிழைக் கடைசிப் பத்தியில் வையுங்கள். எண்ணை முன்னால் கொண்டுவாருங்கள். எண்ணுக்கு எந்த டெர்மினலிலும் ஒரே அகலம்தான். தமிழ்ச் சொல் ஆறு கட்டம் எடுத்தாலும் மூன்று கட்டம் எடுத்தாலும் அதற்குப் பின்னால் நிற்க யாரும் இல்லை. நெல் ரகங்களின் வயது அட்டவணை என்றால் இப்படி:

நாள்

105   ஏடிடி 37, குறுவை
110   ஏடிடி 43, குறுவை
160   சிஆர் 1009, சம்பா

வலது ஓரக் கோட்டைத் தூக்கிவிடுங்கள். அது எதற்கு? வேலி போட்டுக் காக்க அங்கே ஒன்றும் இல்லை. தலைப்பையும் பத்திக்கு மேலே பக்கவாட்டில் அடுக்காமல், பார்த்தீர்களா, எண்ணுக்கு மட்டும் போட்டால் போதும்.

இரண்டு மூன்று பத்திகளில் தமிழ் இருந்தே தீரும் என்றால் அது அட்டவணையே இல்லை. சொல்லை ஒரு வரியில் போட்டு, விளக்கத்தை அடுத்த வரியில் நான்கு இடம் தள்ளிப் போடுங்கள். வரியின் முதலில் வரும் வெற்றிடத்தை எல்லா டெர்மினலும் ஒரே மாதிரிதான் எண்ணும்.


அரசலாறு (திங்கள், இரவு 8.00)

இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள்?


கடைமடை (திங்கள், இரவு 8.04)

எங்களுக்கு எல்லாமே கடைசியில்தானே வந்துசேரும்.


பாமணி (திங்கள், இரவு 9.15)

ஒப்புக்கொள்கிறேன். ஒரு சின்ன மறுப்பு மட்டும். மாற்றும் நிரலிடம் விட்டுவிடாமல் மூலத்தையே இப்படித் திருத்த வேண்டியிருக்கும். எச்டிஎம்எல்லில் அட்டவணையாக எழுதியதைச் ‘சொல்லும் விளக்கமும்’ பட்டியலாக மாற்றினால் பிரவுசரில் பார்க்கிறவர்களுக்கும் கெட்டுப்போகாது, பான்டாக்கும் அதைப் புரிந்துகொள்ளும். 38 பக்கத்திலும் எத்தனை அட்டவணை?

இன்னொன்று, தலைப்புகள். ஆங்கில மேன் பக்கத்தில் தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டுத் தப்பித்துவிடுவார்கள். நிறம் இல்லாத திரையிலும் அது கண்ணில் படும். நமக்கு ஏது பெரிய எழுத்து? தலைப்புக்குக் கீழே சமக்குறி வரிசை போடுங்கள், ஆனால் தலைப்பின் நீளத்துக்குச் சரியாக வரவேண்டும் என்று பார்க்காதீர்கள், மறுபடி அதே பள்ளத்தில் விழுவீர்கள். எல்லாத் தலைப்புக்கும் பத்துச் சமக்குறி.

மேன் பக்கமாக மாற்றுகிற எண்ணம் இருந்தால் இருபுற ஒட்டலை நிறுத்திவிடுங்கள், மேன் கட்டளையிலேயே அதற்குச் சுவிட்ச் இருக்கிறது. நம் சொற்கள் நீளம். ‘கொள்முதல்நிலையத்துக்கு’ என்று ஒன்று வந்தால் அந்த வரியில் மூன்று சொல்தான் இருக்கும், அதை இரண்டு ஓரத்துக்கும் இழுத்துக் கட்டினால் நடுவில் சித்திரை மாத வயல் மாதிரி வெடிப்பு.


குடமுருட்டி (செவ்வாய், மாலை 6.20)

அக்கா, மொத்தம் 14 அட்டவணை. ஒன்பதில் எண்ணை முன்னால் கொண்டுவந்துவிட்டேன். நான்கைச் சொல்-விளக்கமாக மாற்றினேன். ஒன்று எதற்கும் அடங்கவில்லை. இருப்புக் கணக்கின் மாதிரிப் பக்கம் அது, ஐந்து பத்தி, மூன்றில் தமிழ். அதை அப்படியே தூக்கிவிட்டேன். நிரலைத் திறந்தால் அதே பக்கம் நேரிலேயே தெரிகிறது, அப்புறம் படம் எதற்கு?

இப்போது வேறொரு பேய். லெஸ்ஸில் ‘கொள்முதல்’ என்று தேடினால் நான்கு இடம் காட்டுகிறது. கண்ணால் எண்ணினால் பதினொன்று. ‘ஏடிடி 43’ என்று தேடினால் ஒன்றுகூட இல்லை என்கிறது, திரையில் கண் எதிரே இருக்கிறது!


பாமணி (செவ்வாய், இரவு 8.40)

இரண்டும் வேறு வேறு பேய்.

‘கொ’வை யூனிகோட்டில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின்னால் ஒகரக் குறி ஒன்று. அல்லது எகரக் கொம்பு, அப்புறம் கால் என்று இரண்டு. பார்வைக்கு ஒரே ‘கொ’, தேடலுக்கு வேறு வேறு. எழுதியவர் இடையில் விசைப்பலகையை மாற்றியிருப்பார். மாற்றும் ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையாக உரை முழுவதையும் ‘என்எஃப்சி’ வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், பைதானில் ஒரே வரி. பிரிந்து கிடக்கும் கொம்பும் காலும் ஒகரமாகச் சேர்ந்துவிடும்.

ஏடிடி 43 கதை வேறு. எச்டிஎம்எல்லில் பெயரும் எண்ணும் வரி முனையில் பிரிந்துவிடாமல் இருக்க ‘பிரியாத இடைவெளி’ போட்டிருப்பார். நல்ல எண்ணம்தான். உரையில் அது சாதாரண இடைவெளி மாதிரியே தெரியும், ஆனால் நீங்கள் தட்டும் இடைவெளி அது இல்லை. வரிகளை மடக்கி முடித்த பிறகு, கோப்பில் எழுதுவதற்குச் சற்று முன்னால், அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள். முன்பே மாற்றினால் ஏடிடி ஒரு வரியில், 43 அடுத்த வரியில் போய் விழும்.


குடமுருட்டி (புதன், இரவு 9.30)

இரண்டும் சரியாகிவிட்டன. பதினொன்றையும் காட்டுகிறது.

இன்று கிடங்கில் கொடுத்துப் பார்த்தேன். கணக்கு எழுதும் அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். கோடு நேராக இருக்கிறதா என்று அவர் பார்க்கவே இல்லை. உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கண்ட்ரோலும் கூட்டல் குறியும் நான்கு முறை. எழுத்து மலை மாதிரி பெரிதாயிற்று, திரையில் நாற்பத்தைந்து கட்டம்தான் மிச்சம். நான் 72இல் மடக்கி வைத்த பத்திகள் எல்லாம் ஒரு முழு வரி, ஒரு அரை வரி என்று மாறி மாறி உடைந்தன. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ‘என்ன தம்பி, பாட்டு மாதிரி எழுதி வச்சிருக்கே?’ என்றார்.

முன்கூட்டியே மடக்கி வைப்பதை விட்டுவிட்டேன். உதவியைத் திறக்கும் நொடியில் டெர்மினலிடம் அகலத்தைக் கேட்டு, அதில் இரண்டைக் கழித்து, அப்போது மடக்குகிறேன். ராஸ்பெர்ரி பைக்குக்கூட அரை வினாடிக்குள் முடிகிறது. மடக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய கணக்கைத்தான் எடுக்கிறேன், அதாவது குறுவைக்கு 6. மற்ற டெர்மினலில் வரி கொஞ்சம் முன்னாலேயே முடியும், ஆனால் ஓரத்தைத் தாண்டி உடையாது.


அரசலாறு (புதன், இரவு 9.50)

அது புத்திசாலித்தனம். எண்பது கட்டம் என்பதே துளை அட்டைக் காலத்து அளவு, 1928இல் ஐபிஎம் அட்டையில் வந்தது. அந்த அக்காவின் கண்ணுக்கு அது எதற்கு?


கொள்ளிடக்கரை (வியாழன், காலை 7.10)

தம்பி இணைத்த புதிய உரைக் கோப்பை, அப்படி என்னதான் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க எடுத்தேன். என்னிடம் டெர்மினல் எல்லாம் கிடையாது. வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி போனில் திறந்தேன். ரக அட்டவணை கோணாமல் இருக்கிறது. இடப்பக்கம் நாள், வலப்பக்கம் ரகம். என் தம்பி மகனுக்கும் அனுப்பியிருக்கிறேன், அவன் இந்த முறை ஏடிடி 43 போடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஈரப்பதம் 17 என்ற வரி ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரவும்.


குடமுருட்டி (வியாழன், காலை 7.25)

கொண்டுவந்துவிட்டேன் சார். முதல் வரியே அதுதான். எண் முன்னால், தமிழ் பின்னால்.